யார் பாடுவது? எம். பி. சீனிவாசனும் சேர்ந்திசைக் கல்வியும்

(காரைக்குடியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்த வடிவம்)



இன்றைய தலைப்பை நான் தேர்ந்துகொண்டதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. எட்டாம் வகுப்பு படித்தபோது ஆண்டு விழாப் பாட்டுக் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஒத்திகையின் மூன்றாம் நாள் பாட்டு ஆசிரியர் என் அருகில் வந்து நின்று காது கொடுத்துக் கேட்டார். "நீ பின்வரிசைக்குப் போ. வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது" என்றார். விழா மேடையில் ஏழு நிமிடம் வாயை அசைத்தபடி நின்றேன். என் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அது குரல் உடைகிற வயது என்பது அன்று எனக்குத் தெரியாது. ஆசிரியருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகள் கோயிலில்கூட நான் வாய் திறந்து பாடியதில்லை.

வாயை மட்டும் அசைக்கும்படி எந்தப் பிள்ளையிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று காட்டிய ஓர் ஆசிரியரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் எம். பி. சீனிவாசன். முழுப்பெயர் மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். அவர் பிறந்தது சித்தூரில், 1925 செப்டம்பர் 19 அன்று. ஆனால் பெயரின் முதல் எழுத்தில் அவர் வாழ்நாளெல்லாம் சுமந்தது நம் சிவகங்கை மாவட்டத்து ஊரை. கேரளத்தில் அவரைத் திரையிசை அமைப்பாளராக அறிவார்கள். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை அவரைத் தொழிற்சங்கத் தலைவராக அறியும். நான் அவரை ஆசிரியராக முன்வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண் தமிழ் இசைக்குத் தந்த கொடை பெரிது. பக்கத்து அரியக்குடியில் பிறந்த இராமானுஜ ஐயங்கார், இன்றும் வழக்கில் உள்ள கச்சேரி முறையை வகுத்தார். இந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய காரைக்குடி சகோதரர்கள், சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தியும் சாம்பசிவ ஐயர் கிடத்தியும் பிடித்து, இரு வீணையை ஒரு நாதமாக்கினார்கள். இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1941-ல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அரியக்குடியார் கேட்டது, எப்படிப் பாடுவது என்று. அண்ணாமலை அரசர் கேட்டது, எந்த மொழியில் பாடுவது என்று. மூன்றாவது கேள்வி ஒன்று எஞ்சி நின்றது: யார் பாடுவது? மானாமதுரைப் பெயர்கொண்டவர் அதை எடுத்துக்கொண்டார். எல்லாரும், என்பது அவர் விடை. அந்த விடையைக் கற்பிக்கக்கூடிய பாடமாகவும் மாற்றினார். அவருடைய சாதனை அதுதான். இதை ஐந்து கூறுகளாக விளக்குகிறேன்.

1. கூட்டத்தில் தொடங்கிய இசை

பெரும்பாலான இசைக் கலைஞர்களின் வரலாறு குருவின் திண்ணையில் தொடங்கும். சீனிவாசனின் வரலாறு ஊர்வலத்தில் தொடங்குகிறது. சென்னையில் கல்லூரி மாணவராக இருந்தபோதே மாணவர் இயக்கத்தில் இறங்கினார். பொதுவுடைமை இயக்கத்துக்குப் போனார். பின்னர் தில்லியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஏ. கே. கோபாலனின் செயலாளராகப் பணியாற்றினார். 1943-ல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றத்தின் காற்று அவர் மீதும் வீசியது. வங்காளம், மலபார், பஞ்சாப் என்று பல நாட்டுப்புற மெட்டுகள் ஒரே மேடையில் கூடிய இயக்கம் அது. அங்கே பாடியவர்களில் பெரும்பாலோர் பாடகர்கள் அல்லர். பாட வேண்டிய செய்தி உள்ளவர்கள்.

நமக்கு இது அயலான கதை அல்ல. பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ப. ஜீவானந்தம், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள சிராவயலில்தான் ஆசிரமம் நடத்தினார். 1927-ல் காந்தியடிகள் அங்கே வந்து அவரைக் கண்டார். அந்த ஜீவாதான் பின்னாளில் தொழிலாளர்கள் நடந்துகொண்டே பாடுவதற்கென்று பாட்டுக் கட்டினார். நடந்துகொண்டே பாடும் பாட்டில் நீண்ட பிருகா நிற்காது. மூச்சு இரண்டடிக்கு ஒரு முறை வாங்க வேண்டும். சொல் தெளிவாக விழ வேண்டும். பத்தாவது வரிசையில் வருபவருக்கும் மெட்டு ஒரே கேட்பில் பிடிபட வேண்டும். சீனிவாசன் பின்னாளில் கற்பித்த சேர்ந்திசையின் இலக்கணத்தில் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது.

அவர் மணந்துகொண்டது சாகிதாவை. பஞ்சாபின் விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்லுவின் மகள் அவர். 1919 ஏப்ரலில் கிச்லுவையும் சத்யபாலையும் ஆங்கில அரசு கைது செய்ததை எதிர்த்து எழுந்த கொந்தளிப்புதான் ஜாலியன்வாலா பாக்கில் குருதியில் முடிந்தது. அதே 1919-ன் பிற்பகுதியில் பாரதியார் காரைக்குடிக்கு வந்தார். இந்து மதாபிமான சங்கத்தாரோடு இருந்தார். தாடியோடு அவர் தோன்றும் புகைப்படம் இங்கே எடுக்கப்பட்டது. பின்னாளில் அந்தப் பாரதியின் பாடல்களுக்குச் சேர்ந்திசை அமைத்து இளைஞர்களின் வாயில் வைத்தவர் கிச்லுவின் மருமகன்.

2. திரையிசையும் சங்கமும்

1960-ல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்தின் மூலம் அவர் திரைக்கு வந்தார். இயக்கியவர் நிமாய் கோஷ். ஜெயகாந்தன் அதில் பாட்டு எழுதினார். மறு ஆண்டு நவம்பரில், 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்காக நாராயண குருவின் வரிகளை ஓர் இளைஞரைப் பாட வைத்தார். அந்த இளைஞர் கே. ஜே. யேசுதாஸ், அதுவே அவருடைய முதல் திரைப்பாடல். மலையாளக் கவிஞர் ஓ. என். வி. குறுப்பின் கவிதைகளுக்கு மெட்டமைத்தார். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்', 'முகாமுகம்', 'அனந்தரம்' ஆகிய படங்களுக்கு இசை தந்தார். ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை' படத்தில் பேராசிரியராக நடித்தவரும் இவரே.

இந்தப் பட்டியலோடு நின்றால் ஒரு திரைக்கலைஞரின் வாழ்க்கை நமக்குக் கிடைக்கும். ஆசிரியர் கிடைக்க மாட்டார். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் கண் போனது பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் மீது. பத்துப் பதினைந்து வயலின்காரர்கள், தபலாக்காரர், குழுப் பாடகர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் இல்லை. கூலி எப்போது வரும் என்றும் தெரியாது. அவர்களுக்காகச் சங்கம் கட்டினார். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம் உருவானதிலும் நிமாய் கோஷ் முதலானவர்களோடு அவருக்குப் பங்கு உண்டு.

சங்கம் கட்டியதையும் சேர்ந்திசை கற்பித்ததையும் இரண்டு தனித்தனி வேலைகளாகப் பிரித்து எழுதுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. பின்வரிசையில் நிற்பவருக்கும் கூலி உண்டு என்றது சங்கம். பின்வரிசையில் நிற்பவருக்கும் குரல் உண்டு என்றது சேர்ந்திசை.

3. சுருதிச் சிக்கலும் தீர்வும்

1971-ல் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவினார். இதற்கு முன்னோடிகள் உண்டு. 1893-லிருந்தே சென்னை மியூசிக்கல் அசோசியேஷன் மேலைச் சேர்ந்திசையைப் பாடி வந்தது. தேவாலயங்களில் நான்கு குரல் பாட்டு வழக்கில் இருந்தது. பம்பாயில் சலில் சௌதுரி இளைஞர் குழு அமைத்திருந்தார். கல்கத்தாவில் ரூமா குகா தாகுர்தா 1958-ல் இன்னொன்றைத் தொடங்கியிருந்தார். சீனிவாசன் குழுவுக்கு வந்தவர்கள் மாணவர்கள், அலுவலகம் போகிறவர்கள், இல்லத்தரசிகள். பாட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர்.

இத்தகைய குழுவை ஒரு தமிழ்ப் பாட்டு பாட வைப்பதில் என்ன சிக்கல் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நம் இசையில் பாடுகிறவர்தான் சுருதியை முடிவு செய்கிறார். சுருதியின் உயரத்தைக் 'கட்டை' என்று எண்ணுகிறோம். ஆண் ஒன்று அல்லது இரண்டு கட்டையில் பாடுவார். பெண் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார். தனிக் கச்சேரிக்கு இது பெரும் வசதி. ஆனால் இருபாலாரையும் சேர்த்து நிறுத்தினால் முதல் வரியிலேயே முட்டும். ஐந்து கட்டையில் சுருதிப் பெட்டியை வைத்தால் ஆண்களுக்கு மேலே எட்டாது. ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடினால் கீழே தரை கிடைக்காது. பள்ளியில் இன்னும் கடினம். குரல் உடையும்போது பையனின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடுகிறது; அதுவும் ஒரே நாளில் இறங்குவதில்லை, மாதக்கணக்கில் ஏறி இறங்கித் தடுமாறுகிறது. எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அங்கே மூன்று விதத் தொண்டைகள் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்குப் பள்ளிகள் கண்ட வழி இரண்டு. ஒன்று, நன்றாகப் பாடும் ஐந்து பெண் பிள்ளைகளை மட்டும் நிறுத்துவது. மற்றொன்று, மிச்சப் பேரை வாயசைக்கச் சொல்வது. சேர்ந்திசை ஆசிரியர் மூன்றாவது வழியைக் காட்டுகிறார். எல்லாரும் ஒன்றையே பாட வேண்டும் என்ற நிபந்தனையை அவர் எடுத்துவிடுகிறார். மெட்டு ஒரு பிரிவுக்கு. அதற்கு விடையிறுக்கும் எதிர்மெட்டு இன்னொரு பிரிவுக்கு. ஆதார சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் நீட்டிப் பிடிப்பது மூன்றாவது பிரிவுக்கு. ஒவ்வொருவரும் தம் குரலின் நடுப்பகுதியிலேயே நிற்கலாம். பாட்டைக் குரலுக்கு ஏற்ப வெட்டித் தைக்கிற வேலை இது. தையற்காரர் உடம்பைக் குறை சொல்வதில்லை.

நம் இராகங்கள் இதைத் தாங்குமா என்ற கேள்வி எழுந்தது, இன்றும் எழுகிறது. நியாயமான கேள்வி. எல்லா இராகமும் தாங்காது. கமகத்திலேயே உயிர் இருக்கும் தோடியை நாற்பது பேர் சேர்ந்து அசைத்தால் உருக்குலைந்துவிடும். மோகனம், சுத்த சாவேரி போன்ற ஐந்து சுர இராகங்களும் நாட்டுப்புற மெட்டுகளும் தாங்கும். எது தாங்கும் என்று தேர்வதே இந்த ஆசிரியரின் முதல் புலமை. சீனிவாசன் நாட்டுப்புற மெட்டுகளையும் கவிஞர்களின் வரிகளையும் எடுத்துக்கொண்டதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

என் வகுப்பறை அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பயிற்சி நடத்தினேன். முதல் பத்து நிமிடம் பாட்டே கிடையாது. வாயை மூடி 'ம்' என்று ஒரே சுரம். பக்கத்துப் பிள்ளையின் 'ம்' காதில் விழும் அளவுக்கு உன் 'ம்' இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. கடைசி வரிசையில் ஒரு பையன் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். கூப்பிட்டுக் கேட்டால், "எனக்குக் குரல் கட்டை சார்" என்றான். கீழ் சட்ஜத்தைப் பாடிக் காட்டி, "இதைப் பிடி, விடாதே" என்றேன். பிடித்தான். மற்றப் பிள்ளைகள் அதன் மேல் மெட்டைப் பாடினார்கள். இரண்டாவது சுற்றில் அவன் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினான். உடனே பாட்டு முழுவதும் ஆடியது. முன்வரிசைப் பெண் பிள்ளைகள் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மறுபடி சட்ஜத்தில் இறங்கியதும் பாட்டு நிலைத்து நின்றது, தூண் வைத்தாற்போல. அன்று மாலை முழுவதும் அவன் முதுகு நிமிர்ந்தே இருந்தது.

4. ஆசிரியர்களுக்கு ஆசிரியர்

ஒரு குழுவை நன்றாகப் பாட வைத்ததோடு சீனிவாசன் ஓய்ந்திருந்தால், ஒரு நல்ல குழுவின் தலைவர் என்ற பெயரோடு முடிந்திருக்கும். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் பள்ளிகளில் கூட்டுப் பாடலைப் பரப்ப முனைந்தபோது அவர் அதில் முன்நின்றார். இந்தியாவின் பல மொழிப் பாடல்களை எல்லா மாநிலப் பிள்ளைகளும் பாடுவது அதன் நோக்கம். அங்கே அவர் கற்பித்தது பாட்டாசிரியர்களுக்கு மட்டுமல்ல. கணக்கும் அறிவியலும் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும்தான். மராட்டியத்தில் இசையமைப்பாளர் வசந்த் தேசாய் பள்ளிப் பிள்ளைகளைத் திரளாகப் பாட வைத்த முன்மாதிரியும் நாட்டின் முன் இருந்தது.

பிறமொழிப் பாட்டைப் பிள்ளைக்குக் கற்பிப்பதில் ஒரு பண்பாட்டுப் பாடம் ஒளிந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளை ஒரு வங்கப் பாட்டைப் பாடும்போது முதலில் அதன் 'அ' தன் 'அ' இல்லை என்று கண்டுகொள்கிறது. வங்கப் பிள்ளை நம் பாட்டைப் பாட வரும்போது 'ழ'கரத்தில் நாக்கு மடங்காமல் தவிக்கிறது. இன்னொருவர் மொழி அவர் வாயில் எப்படி ஒலிக்கிறது என்று காது கொடுத்துக் கேட்காமல் அந்தப் பாட்டு வராது. ஒருமைப்பாட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட ஒரு பாட்டு கற்றுத் தருவது அதிகம் செய்யும் என்பதை நான் நம்புகிறேன்.

1988 மார்ச் 9 அன்று, 62 வயதில், இலட்சத்தீவில் சீனிவாசன் காலமானார். அதே ஆண்டில்தான் பால்டிக் கடற்கரையில் எஸ்தோனிய மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டு பாடித் தம் விடுதலையைக் கேட்டார்கள். 1869-ல் டார்ட்டு நகரில் தொடங்கிய பாட்டு விழா, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளும் ஊர்க் குழுக்களும் சேர்ந்து பாடக் கற்றிருந்த பழக்கம், 1988-ல் பயன்பட்டது. 1991-ல் அந்நாடு விடுதலை பெற்றது. சேர்ந்து பாடக் கற்ற மக்கள் சேர்ந்து நிற்கவும் கற்கிறார்கள்.

சென்னைக் குழு அவருக்குப் பின்னும் தொடர்ந்து பாடியது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரிலேயே ஒரு சேர்ந்திசைக் குழு எழுந்தது. ஆசிரியர் இல்லாத அறையில் பாடம் தொடர்ந்து நடந்தால், அந்த ஆசிரியர் வென்றார் என்று பொருள்.

5. நம்மிடம் இருக்கும் வேர்

சேர்ந்திசை மேலைநாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாது என்று சொல்கிறவர்கள் உண்டு. பல குரலை அடுக்கும் முறை வெளியிலிருந்து வந்தது, உண்மை. சேர்ந்து பாடும் பழக்கம் வெளியிலிருந்து வரவில்லை.

தை மாதம் நகரத்தார் காவடி பழனிக்குப் புறப்படும்போது கூட நடந்து பாருங்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும். எடுத்துக் கொடுப்பவர் களைத்தால் இன்னொருவர் எடுப்பார். அங்கே யார் குரலையும் யாரும் தேர்வு வைத்துச் சேர்ப்பதில்லை. முளைப்பாரிக் கும்மியில் கிழவியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் சுற்றுகிறார்கள், கைத்தட்டுத்தான் தாளம். நடவு வயலில் குலவையிட்டு ஒருத்தி பாட, வரிசை முழுக்க வாங்கிப் பாடியது நம்மில் பலர் காதிலே கேட்டது. அங்கெல்லாம் இருந்த ஒன்று பள்ளிக்கூட வாசலில் நின்றுபோயிற்று. பாட்டு போட்டிக்கு உரியது, பரிசுக்கு உரியது என்று ஆனபோது, பரிசு வாங்க முடியாதவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மானாமதுரைக் கடத்தை எல்லாரும் அறிவோம். அந்தக் கடத்துக்கு ஒரே இடத்து மண் போதாது. பல கண்மாய்களின் மண்ணைக் கலக்கிறார்கள். சக்கரத்தில் வனைந்த பிறகு உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டுகிறார்கள். எங்கே தடிமன் கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று கையே சொல்லும். பிறகு சூளை. கடைசியில் எங்கே தட்டினாலும் ஒரே சுருதி பேசுகிறது. அந்த ஊரைப் பெயரில் கொண்ட ஆசிரியர் பல குரல்களைக் கலந்து, தட்டிச் சீராக்கி, ஒரே சுருதி பேச வைத்தார். இந்த ஒற்றுமையை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

நிறைவாக

ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். வாரத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பாட்டு ஆசிரியர் இல்லாத பள்ளியாக இருந்தாலும் பரவாயில்லை. கைப்பேசியில் சுருதி இருக்கிறது. முதல் மாதம் 'ம்' மட்டும் போதும். இரண்டாம் மாதம் ஐந்து சுரத்துக்குள் அடங்கும் ஒரு பாட்டு. மூன்றாம் மாதம் வகுப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி பாட, மறு பாதி சட்ஜத்தைப் பிடிக்கட்டும். போட்டிக்கு அனுப்பாதீர்கள். தேர்வு வைக்காதீர்கள். ஆண்டு இறுதியில் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு வகுப்பு முழுவதையும் நிறுத்திப் பாட வையுங்கள், ஒருவரைக்கூட விடாமல்.

உங்கள் முதல் வகுப்பிலேயே பின்வரிசையில் உதட்டை இறுக்கிக்கொண்டு ஒரு பிள்ளை நிற்கும். அதன் அருகில் போய் நில்லுங்கள். அதன் குரல் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த இடத்தில் ஒரு சட்ஜம் கொடுங்கள்.